65535 என்று வந்தாலே மெமரி சரி என்று ஆகிவிடாது

உங்கள் பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரின் எட்டு மெமரி சிப்பையும் கழற்றி மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது, அதற்குத்தான் முதலில் பதில் வேண்டும்: மெஷினே "48 கே (கிலோபைட்) முழுதாக இருக்கிறது" என்று கணக்குக் காட்டும்போது கோளாறு மெமரியில் இருக்க முடியுமா? முடியும். அதனால் சால்டர் இரும்பை இன்றைக்கு எடுக்காதீர்கள். எந்த சிப் என்று கண்டுபிடிக்காமல் எட்டையும் கழற்றுவது, பல்வலிக்கு எல்லாப் பல்லையும் பிடுங்குவது மாதிரி.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பெரியப்பா வீட்டுக் கராஜில் கிடைத்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம். போர்டில் இஷ்யூ 2, அதாவது இரண்டாவது பதிப்பு, என்று இருக்கிறது. 16 கே மெஷினாக வாங்கி, பிற்பாடு யாரோ உள்ளே 32 கே சேர்த்திருக்கிறார்கள். ஆன் செய்தால் வழக்கமான காப்பிரைட் வரி வருகிறது. மெமரி எவ்வளவு என்று கேட்டால் 65535 என்கிறது. 16 கே விளையாட்டுகள் நன்றாக ஓடுகின்றன. 48 கே விளையாட்டுகள் டேப்பிலிருந்து பிழையில்லாமல் ஏறி முடிகின்றன, ஆனால் ஓடத் தொடங்கியதும் திரை கலைந்து மெஷின் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்து முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தவன். அந்தத் தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ பெயர். இந்த நாட்டில் டிவி ஒளிபரப்பு தொடங்கியதே 1976-இல்தான், சில வருஷத்திலேயே ஸ்பெக்ட்ரமும் வந்து சேர்ந்தது. டிவியின் ஏரியல் துளையில் செருகுகிற சாமான் என்பதால், படம் கலைந்தால் டிவி கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படித்தான் இந்தப் பெட்டியோடு எனக்குப் பழக்கம். 1982-இல் பிரிட்டனில் இது வெளிவந்தபோது 16 கே மாடல் 125 பவுண்டு, 48 கே மாடல் 175 பவுண்டு. முதலில் சின்னதை வாங்கிவிட்டு, கையில் காசு சேர்ந்ததும் உள்ளே சிப் போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். உங்கள் பெரியப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார்.

டேப்பை முதலில் ஒதுக்கிவிடலாம். டேப்பிலிருந்து பைட்டுகள் வரும்போதே மெஷின் ஒரு சரிபார்ப்புக் கணக்குப் போட்டுக்கொண்டே வரும். அது தப்பினால் "ஆர் டேப் லோடிங் எரர்" என்று நிற்கும். கவனிக்க வேண்டியது, அந்தக் கணக்கு காதில் விழுந்த பைட்டுக்குப் போடப்படுகிறது, மெமரியில் போய் உட்கார்ந்த பைட்டுக்கு அல்ல. ஆகவே பிழை காட்டாமல் ஏறியது என்றால் டேப் சரி, கேட்ட காதும் சரி. எழுதிவைத்த இடத்தில்தான் ஏதோ மாறிவிட்டது.

இப்போது அந்த 65535. "பிரின்ட் பீக் 23732 + 256 * பீக் 23733" என்று கேட்டு அதை வாங்கியிருப்பீர்கள். 16 கே மெஷினில் 32767 வரும், 48 கே மெஷினில் 65535 வரும். இந்த எண் எப்படி வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆன் செய்த கணத்தில் ரோமில் (மெஷினின் அழியாத நிரல் இருக்கிற சிப்பில்) உள்ள நிரல் மெமரியின் உச்சியிலிருந்து 16384 வரை இறங்கி, எல்லா இடத்திலும் 2 என்று எழுதிவைக்கும். பிறகு 16384-இல் தொடங்கி மேலே ஏறும். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றைக் குறைக்கும், அப்போது பூஜ்யம் வரக் கூடாது. இன்னொன்றைக் குறைக்கும், இப்போது பூஜ்யம் வந்தாக வேண்டும். கணக்கு தப்புகிற முதல் இடத்தில் நின்று, அதற்கு முந்தைய முகவரியை மெமரியின் கடைசி என்று குறித்துக்கொள்ளும்.

2, 1, 0. ஒரு பைட்டில் எட்டு பிட், ஒவ்வொன்றும் பூஜ்யம் அல்லது ஒன்று. இந்த மூன்று எண்களில் கடைசி இரண்டு பிட் மட்டும்தான் அசைகிறது. மற்ற ஆறு பிட்டும் பூஜ்யமாகவே எழுதப்படுகின்றன, பூஜ்யமாகவே படிக்கப்படுகின்றன. ஒரு பிட்டுக்கு ஒரு சிப் என்று எட்டு சிப் இருக்கிற இந்தப் போர்டில் இதற்கு அர்த்தம், ஆறு சிப்புகளில் எங்காவது ஒரு செல் (ஒரு பிட்டை வைத்துக்கொள்கிற இடம்) "எப்போதும் பூஜ்யம்" என்று செத்துப்போயிருந்தால் ரோமுக்குத் தெரியவே தெரியாது. "எப்போதும் ஒன்று" என்று மாட்டிக்கொண்டால் உடனே பிடித்துவிடும். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன், ரோமில் அந்த நிரல் பத்துப் பன்னிரண்டு கட்டளைதான், வரிவரியாகப் பார்த்திருக்கிறேன்.

இதிலிருந்து வேறு சிலவும் புரியும். மேல் 32 கேயில், அதாவது பிற்பாடு சேர்த்த மெமரியில், ஒரு சிப் முழுதாகவே ஒன்றில் மாட்டிக்கொண்டால் மெஷின் 32767 என்று சொல்லிவிட்டு, நல்ல 16 கே மெஷினாக ஓடும். அந்த ஆறில் ஒரு சிப் முழுதாகப் பூஜ்யத்தில் மாட்டிக்கொண்டால் கதை வேறு. ரோம் அதை நல்லது என்று நம்பி, தன் ஸ்டாக்கை (திரும்பிப் போக வேண்டிய முகவரிகளைக் குறித்துவைக்கிற இடத்தை) மெமரியின் உச்சியில், அதாவது அந்தக் கெட்ட சிப்பின் மேலேயே வைக்கும். திரும்பிப் போக வேண்டிய முகவரி மாறிப்போய், காப்பிரைட் வரிகூட வராமல் அங்கேயே விழும். இதைப் பார்த்துவிட்டு யூஎல்ஏ (திரையை நடத்துகிற பெரிய சிப்) போய்விட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. 49151, 40959, 36863 மாதிரி எண் வந்தால் அது மூன்றாவது வகை: ஒரு முகவரிக் கம்பி வேலை செய்யாமல், இரண்டு முகவரிகள் ஒரே செல்லில் போய் நிற்கின்றன. அங்கே குற்றவாளி மெமரி சிப்பாக இருப்பது அபூர்வம். முகவரியைப் பிரித்து அனுப்புகிற 74எல்எஸ்157 சிப்புகள், அதாவது ஐசி 25, ஐசி 26, அல்லது அவற்றின் சாக்கெட்டுகளைப் பாருங்கள்.

உங்களுடையது இந்த மூன்றிலும் சேரவில்லை. காப்பிரைட் வரி வருகிறது, ஆகவே உச்சியில் ஸ்டாக் இருக்கிற இடம் நன்றாக இருக்கிறது. 65535 வருகிறது, ஆகவே முகவரிக் கம்பிகள் அநேகமாகச் சரி. மிச்சம் இருப்பது இரண்டு: நடுவே எங்கோ சில செல்கள் பூஜ்யத்தில் செத்திருக்க வேண்டும், அல்லது சூடேறிய பிறகு மட்டும் கெடுகிற சிப் ஒன்று இருக்க வேண்டும். எது என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடியாது. சோதனை சொல்லிவிடும்.

சோதனைக்கு முன் கரண்ட். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் டிசி, நடுவில் மைனஸ். இப்போது கடைகளில் கிடைக்கிற அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் பிளஸ், அதைச் செருகினால் போர்டு போய்விடும். பழைய அடாப்டரை மெஷினில் செருகாமல் அளந்தால் 12, 13 வோல்ட் காட்டும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். போர்டில் கீழ் 16 கே சிப்புகள் 4116 வகை, ஐசி 6 முதல் ஐசி 13 வரை. அவற்றில் 1-ஆம் காலில் மைனஸ் 5, 8-ஆம் காலில் 12, 9-ஆம் காலில் 5 வோல்ட் இருக்க வேண்டும், 16-ஆம் கால் எர்த். மைனஸ் 5 இல்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள், அது இல்லாமல் 12 வோல்ட் மட்டும் போனால் 4116 வெந்துபோகும். உங்கள் மேல் 32 கே சிப்புகள் வேறு வகை, அவற்றின் 8-ஆம் காலுக்கு வெறும் 5 வோல்ட்தான். இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிடக் கூடாது. இன்னொன்று, இந்த மெஷினுக்கு சுவிட்ச் கிடையாது. லோட்ஷெடிங்கில் கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள், திரும்பி வருகிற கரண்ட்டை அதன் தலையில் கட்ட வேண்டாம்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. பல இஷ்யூ 2 போர்டுகளில் மேல் மெமரிக்கு ஐசி 15 முதல் ஐசி 26 வரை பன்னிரண்டு சாக்கெட்டுகள் இருக்கும், எட்டு மெமரி சிப்புக்கு, நான்கு துணை சிப்புக்கு. உங்களுடையதும் அப்படி இருந்தால் பாதி வேலை மிச்சம். நம் கடலோரக் காற்றில் நாற்பது வருஷம் கிடந்த சாக்கெட், கால்களில் களிம்பு ஏறாமல் இருக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டையான சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்பி, ஒவ்வொரு சிப்பாக எடுத்து, கால்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதே இடத்தில் அதே பக்கம் பார்த்துச் செருகுங்கள். எடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதோடேயே தீர்ந்துபோன மெஷின்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிப்பின் முதுகில் உள்ள எழுத்தையும் படியுங்கள். இந்த 32 கே சிப்புகள் உண்மையில் 64 கே (இங்கே கே என்பது கிலோபிட்) சிப்புகள், ஒரு பாதியில் பழுது கண்டதால் மற்றப் பாதிக்காக விற்கப்பட்டவை. டெக்சாஸ் 4532 என்றால் கடைசியில் 3 அல்லது 4 இருக்கும், ஓகேஐ 3732 என்றால் எல் அல்லது ஹெச் இருக்கும். எந்தப் பாதி நல்லது என்பதற்கான அடையாளம் அது. எட்டும் ஒரே கம்பெனி, ஒரே பாதியாக இருக்க வேண்டும், போர்டில் உள்ள சின்னக் கம்பி இணைப்புகளும் அதற்குப் பொருந்த வேண்டும். ஏழு எல் நடுவே ஒரு ஹெச் நுழைந்திருந்தால் உங்கள் நோய்க்கு அதுவே காரணமாக இருக்கலாம், ஏனென்றால் "கெட்ட பாதி" என்பது முழுதாகக் கெட்டதல்ல, அதில் அங்கங்கே சில செல்கள்தான் செத்திருக்கும். இது என் ஊகம் மட்டுமே, போர்டைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இனி சோதனை. முதல் வரியாக "கிளியர் 32767" போடுங்கள். ஸ்டாக்கையும் மற்ற எல்லாவற்றையும் கீழ் 16 கேக்கு இறக்கிவிடும், மேல் மெமரி சோதிக்கக் காலியாகும். பிறகு ஒரு ஃபார் சுற்று, 32768 முதல் 65535 வரை எல்லா இடத்திலும் போக் செய்து 170 எழுதட்டும். அது முடிந்ததும் ஒரு பாஸ், அதாவது நிரலைச் சற்று நிறுத்திவைக்கிற கட்டளை. அப்புறம் இரண்டாவது ஃபார் சுற்று, அதே முகவரிகளைப் பீக் செய்து (படித்து), 170 இல்லாத இடத்தில் முகவரியையும் அங்கே கண்ட எண்ணையும் திரையில் போடட்டும். எழுதியவுடனே அங்கேயே படித்துப் பார்க்கிற நிரல் வேண்டாம். முழுக்க எழுதி, சில நிமிடம் காத்திருந்து, பிறகு முழுக்கப் படியுங்கள். மறந்துபோகிற செல் அப்போதுதான் மாட்டும். இதே மாதிரி 85, 255, 0 என்று மூன்று தடவை. கடைசியாக ஒரு தடவை, ஒரே எண்ணுக்குப் பதில் முகவரியை 251-ஆல் வகுத்த மீதியை எழுதுங்கள். 251 பகா எண் என்பதால் எந்த முகவரிக் கம்பி தப்பினாலும் மீதி பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். பேசிக் மொழியில் இது மெதுவாகத்தான் ஓடும், ஒவ்வொரு சுற்றுக்கும் பல நிமிடம் ஆகும். திரை நிறைந்து "ஸ்க்ரோல்?" என்று கேட்டால், மேலே போகும் முன் எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று: போக், பீக் இரண்டுக்கும் ஒரே ஓ விசைதான். போக் நேராக வரும். பீக்குக்கு முதலில் கேப்ஸ் ஷிஃப்ட்டையும் சிம்பல் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்திவிட்டு, பிறகு ஓ.

உங்களுடையது மாதிரியே எண்பதுகளில் எனக்கு ஒன்று வந்தது. மெர்பேங்கிலிருந்து ஓர் அம்மா, மகனுடைய பெட்டி என்று துணிப்பையில் கொண்டுவந்தார். வேறு கடையில் காட்டி, டேப் ரெக்கார்டர் மாற்றச் சொன்னார்களாம், அதையும் மாற்றியாயிற்று. 65535 வந்தது. 85 போட்டுச் சோதித்தேன், ஒரு பிழையும் இல்லை. 170 போட்டேன். 32860-இல் 138 என்று வந்தது. அடுத்து 32988, அடுத்து 33116, எல்லாவற்றிலும் 138. முகவரிகளுக்கு நடுவே சரியாக 128 இடைவெளி. 170-இல் 138 போனால் மிச்சம் 32, அதாவது பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஐந்தாம் பிட். 85-இல் அந்தப் பிட்டே கிடையாது, அதனால்தான் அது ஒன்றும் காட்டவில்லை. இந்த வகைச் சிப்பில் செல்கள் வரிசை வரிசையாக இருக்கும், முகவரியின் கடைசி ஏழு பிட் வரிசையைக் காட்டும், ஆக 128 இடைவெளி என்றால் ஒரே சிப்பில் ஒரே வரிசை முழுக்கச் செத்திருக்கிறது.

கண்ணாலும் பார்த்தேன். ஸ்பெக்ட்ரம் ஆன் ஆகும்போது, நாமே வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கான இடத்தில், 65368-இலிருந்து, ஆங்கில ஏ முதல் யூ வரையிலான எழுத்துகளின் வடிவத்தை ரோமிலிருந்து நகல் எடுத்து வைக்கும். சாதாரணமாக ஏ அடித்தால் ரோமிலிருந்து வரும். கேப்ஸ் ஷிஃப்ட்டோடு 9 அழுத்தி கிராஃபிக்ஸ் நிலைக்குப் போய் ஏ அடித்தால் மேல் மெமரியிலிருந்து வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்தேன். இரண்டாவது ஏயின் குறுக்குக் கோட்டில், இடமிருந்து மூன்றாவது புள்ளி இல்லை. அந்த ஒரு புள்ளி 65372-இல் உள்ள ஐந்தாம் பிட், அதே செத்த வரிசை. அந்தப் பையன் திரைக்கு மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் மெஷினிலும் செய்து பாருங்கள், ஒரு நிமிட வேலை. எல்லாக் கோளாறும் இதில் தெரியாது, கடைசி 168 பைட் மட்டும்தான் இங்கே வருகிறது, அதுவும் புள்ளி விழுகிற இடமாக இருந்தால்தான்.

பிட்டைக் கண்டுபிடித்துவிட்டால் சிப் தானே தெரிந்துவிடும். வித்தியாசம் 1 என்றால் ஐசி 15, 2 என்றால் 16, 4 என்றால் 17, 8 என்றால் 18, 16 என்றால் 19, 32 என்றால் 20, 64 என்றால் 21, 128 என்றால் 22. அப்போதும் உடனே புதுச் சிப் வாங்காதீர்கள். சாக்கெட் இருந்தால் சந்தேகச் சிப்பையும் ஐசி 15-ஐயும் இடம் மாற்றிச் செருகுங்கள். நான் ஐசி 20-ஐ அங்கே மாற்றி ஆன் செய்தேன். இந்தத் தடவை மெமரி எவ்வளவு என்று கேட்டதும் 32859 என்றது. செத்த வரிசை இப்போது கடைசிப் பிட்டுக்கு வந்துவிட்டதால் ரோமே அதைப் பிடித்துக்கொண்டது. பழுது சிப்போடு நகர்ந்தால் சிப் கெட்டது. நகராமல் அதே பிட்டில் நின்றால் சிப் நல்லது, சாக்கெட்டையும் போர்டின் கோட்டையும் பாருங்கள்.

நல்ல சிப்பைச் சந்தேகச் சிப்பின் முதுகில் ஏற்றி, கால் காலாகத் தொடவைத்துப் பார்க்கிற வழியையும் சிலர் சொல்வார்கள். கெட்ட சிப் பேசாமல் கிடந்தால் அது பலிக்கும். கெட்ட சிப் கம்பியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தால் நல்ல சிப்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அதில் சரியானால் நம்பலாம், சரியாகாவிட்டால் ஒரு முடிவுக்கும் வர வேண்டாம்.

எல்லாச் சோதனையும் சுத்தமாக வந்தால் மெஷினை அரை மணி நேரம் ஓடவிட்டு, மூடி போட்டபடியே மறுபடி செய்யுங்கள். பிப்ரவரி மாத டர்பன் மதியத்தில் கெடுகிற சிப், ஜூலை ராத்திரியில் யோக்கியமாக இருக்கும். அப்போதும் சுத்தம் என்றால் என் சந்தேகம் மெமரியை விட்டு விலகி, 5 வோல்ட் ரெகுலேட்டரையும் காய்ந்துபோன கண்டென்சர்களையும் நோக்கிப் போகும், அவற்றைத் தனியாக எழுதுகிறேன்.

மாற்றுச் சிப்பாக முழு 4164 போடுங்கள். இரண்டு பாதியும் நல்லது என்பதால் எல், ஹெச் தொல்லை இல்லை. வேகம் 150 அல்லது 200 நானோ செகண்ட் போதும், பெயருக்குப் பின்னால் 15 அல்லது 20 என்று இருக்கும். பழைய ஐபிஎம் எக்ஸ்டி வகைப் போர்டு எங்காவது குப்பையில் கிடைத்தால் விடாதீர்கள், அதில் ஒன்பது ஒன்பதாக வரிசை கட்டி நிற்பவை பல நேரம் இதே சிப்தான்.

170 சோதனையில் வருகிற முதல் நாலைந்து முகவரிகளையும், அங்கே கண்ட எண்களையும், சிப்பின் முதுகில் உள்ள எழுத்து தெரிகிற மாதிரி போர்டின் படத்தையும் இங்கேயே போடுங்கள். எந்தச் சாக்கெட் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.